காரில் சத்தம் வந்தால்: வன்னி வீதிகளில் காரணத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

முதல் கார் வாங்கியவரைச் சத்தம்தான் முதலில் கலங்கவைக்கும். எஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, ஏசி குளிர்கிறது. ஆனாலும் எங்கேயோ ஒரு "டொக் டொக்". பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் "எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே" என்பார். கராஜுக்குக் கொண்டுபோகிற அன்று பார்த்து அந்தச் சத்தம் வரவே வராது.

வன்னியில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். ஏ9 காப்பெற் வீதியை விட்டு இறங்கினால் கிறவல், கிறவலை விட்டால் வயலோர மண்பாதை. கோடையில் சிவப்புப் புழுதி புகாத இடமில்லை, மாரியில் சேறு. ஓடுகிற கார்களும் பெரும்பாலும் வயதானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி திறந்தது. இடையில் பழைய கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. மூட்டுகளில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் புஷ் காய்ந்து வெடிக்கிற, போல்ற் துருவேறுகிற, பிளாஸ்ரிக் கிளிப் உடைகிற வயது அவற்றுக்கு.

சத்தம் வந்ததும் பலர் செய்வது, ஊகத்தில் ஒரு பாகத்தை மாற்றுவது. "சொக்கப்சோபர் போட்டுது போல" என்று யாரோ சொல்லுவார். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர் அதற்காக வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டும். அங்கேயும் இல்லையென்றால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சொல்லி எடுப்பிக்க வேண்டும். காசும் போய், ஒரு நாள் வேலையும் போய், பூட்டி முடித்து ஓடிப் பார்த்தால் அதே டொக் டொக். இந்த வீண்செலவு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். சத்தம் எந்தப் பாகத்தில் என்று தேடப் போகுமுன், அது எப்போது வருகிறது என்று பிடியுங்கள். ஓடும்போதா நிற்கும்போதா, திருப்பும்போதா பிரேக் பிடிக்கும்போதா, பள்ளத்திலா சமதரையிலா என்று உறுதியாகத் தெரிந்தால், சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். சோதனைகளில் முக்கால்வாசிக்கு ஒரு ஜக்கும் ரோச்சும் கூட வர ஒருவரும் போதும்.

ஓடலாமா, நிறுத்த வேண்டுமா?

தேடத் தொடங்குமுன் இதைத் தீர்மானிக்க வேண்டும். எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தத்தோடு சிவப்பு ஒயில் விளக்கும் எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த சந்திவரை ஓட்டிப் பார்ப்போம் என்று போனால் எஞ்சினே போய்விடும். பிரேக் பிடிக்கும்போது இரும்பும் இரும்பும் அரைகிற சத்தம் வந்தாலும் ஓட்டக்கூடாது. பிரேக் பாட் முழுவதும் தேய்ந்து அதன் முதுகுத் தகடு டிஸ்க்கை அரைக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஸ்டியரிங் வழக்கத்துக்கு மாறாக ஆடுவதோடு முன்பக்கம் "டங்" என்று அடித்தால், சில்லைத் தாங்குகிற மூட்டான போல் ஜொயின்ற் அல்லது ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கிற மூட்டான ரை றொட் எண்ட் கழன்றுபோகிற நிலையில் இருக்கலாம். கழன்றால் சில்லு ஒரு பக்கமாகச் சரியும்.

அண்மையில் ரயர் மாற்றியிருந்தால், வேறு எதையும் பார்க்குமுன் சில்லு நட்டுகளைப் பாருங்கள். இறுக்காத நட் முதலில் மெல்லத் தட்டும், பிறகு சில்லு ஆடும். பல டொயோட்டா கார்களுக்கு நட் இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர். உங்கள் காருக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும்.

நிறுத்துகிற இடத்தையும் பார்த்து நிறுத்துங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கமென்றால் வீதியை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம். இரவில் ஏ9இல் மாடுகள் படுத்திருக்கும், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் வரும். ஆகவே சோதனை ஓட்டமெல்லாம் பகலில்தான்.

காரை வெறுமையாக்குங்கள்

இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. ஆனால் கராஜுக்கு வருகிற சத்தங்களில் கணிசமானவை காருக்குள் கிடக்கிற சாமான்களின் சத்தம். டிக்கியில் உள்ளதை எல்லாம் வெளியே எடுங்கள். ஜக், பிடி, ஸ்பானர் உறை, உதிரிச் சில்லு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். உதிரிச் சில்லைப் பிடித்திருக்கிற திருகு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் "தொம்" என்று அடிக்கும், கேட்பவர் பின் சொக்கப்சோபர் என்று நினைப்பார். கதவுப் பைகளில் கிடக்கும் சில்லறை, சீற்றுக்கு அடியில் உருளும் தண்ணீர்ப் போத்தல், கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆளில்லாத சீற்றின் பெல்ற் கொக்கி தூணின் பிளாஸ்ரிக்கில் தட்டுகிற "டிக் டிக்" பலரை ஏமாற்றும். அந்தப் பெல்ற்றை மாட்டி வைத்துவிட்டு ஓடிப் பாருங்கள். இலக்கத் தகட்டைக் கையால் தட்டிப் பாருங்கள். திருகு தளர்ந்த தகடு டிக்கியை மூடும்போதே காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு குனிந்து ரோச் அடித்துக் காரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தை, மாசியில் அறுவடை முடிந்து வீதியோரம் நெல் காயப்போடுகிற காலத்தில் வைக்கோல் அச்சிலும் சைலன்சரிலும் சுற்றிக்கொள்ளும். சரசரவென்று உரசுவது மட்டுமில்லை, சூடேறிய சைலன்சரில் தீப்பிடிக்கவும் கூடும். எஞ்சின் ஆறிய பிறகு கத்தரித்து எடுங்கள்.

கொப்பியில் எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, சத்தம் வருகிற ஒவ்வொரு முறையும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதி வையுங்கள். ஓட்டுகிறவர் எழுதக் கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். வேகம் எவ்வளவு, எந்தக் கியர், நேரே போனதா திரும்பியதா, பிரேக்கில் கால் இருந்ததா, காப்பெற்றா கிறவலா, எஞ்சின் குளிரா சூடா, ஏசி போட்டிருந்ததா, மழையா வெயிலா, எத்தனை பேர் ஏறியிருந்தார்கள். இவ்வளவும் வேண்டும். சத்தம் வராத நேரத்தையும் எழுதுங்கள், அதுவும் அதே அளவுக்கு உதவும். "நாலு பேர் ஏறினால் வருவதில்லை" என்ற ஒரு வரியை வைத்தே கைதேர்ந்த மெக்கானிக் நேராக உரிய இடத்துக்குப் போய்விடுவார்.

கைப்பேசியும் நல்ல கருவி. ஒலிப்பதிவைப் போட்டு டிக்கிக்குள் வைத்துவிட்டு ஒரு குறிப்பிட்ட துண்டு வீதியில் ஓடுங்கள். பிறகு முன் சீற்றுக்கு அடியில் வைத்து அதே துண்டில், அதே வேகத்தில் ஓடுங்கள். எந்தப் பதிவில் சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ அந்தப் பக்கத்தில் தேடலாம். மூடிய காருக்குள் சத்தம் இடம்மாறிக் கேட்கும், பின் சில்லில் வருவது முன்னால் வருவதுபோல் தெரியும். காதை மட்டும் நம்பக் கூடாது.

எஞ்சினோடு வருகிறதா, சில்லோடு வருகிறதா?

இந்தப் பிரிவினைதான் எல்லாவற்றுக்கும் அடி. காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ வைத்து அக்சிலேற்றரை மெல்ல மிதியுங்கள். ஓடும்போது கேட்ட சத்தம் நிற்கும்போதும் வந்து, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால், காரணம் பொனற்றுக்கு அடியிலோ சைலன்சர் வழியிலோ இருக்கிறது. நிற்கும்போது வராமல், உருளும்போது மட்டும் வந்து, வேகம் கூடக் கூடக் கூடினால் சில்லு, ரயர், பிரேக், சில்லைச் சுழலவிடுகிற பெயாரிங், அச்சு இவற்றில் ஒன்று. பள்ளத்தில் மட்டும் வந்தால் அடிப்பாகம், அல்லது உள்ளே தளர்ந்த ஏதாவது.

கையால் கியர் மாற்றும் காரென்றால் இன்னொன்றும் செய்யலாம். வெறுமையான நேர்வீதியில் 50இல் போகும்போது கிளச்சை மிதித்துக் காரை உருளவிடுங்கள். எஞ்சின் வேகம் விழும், சில்லின் வேகம் விழாது. சத்தம் அப்படியே இருந்தால் அது சில்லுப் பக்கம். எக்காரணம் கொண்டும் ஓடும் காரில் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தாதீர்கள். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பிரேக்குக்கு உள்ள துணையும் போய்விடும்.

ஹைபிரிட் கார்களில் இது கொஞ்சம் குழப்பும். எஞ்சின் தானே நிற்கும், தானே ஓடும். மெதுவாகப் போகும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வரும் மெல்லிய "ஊங்ங்" அதன் மோட்டாரின் இயல்பான சத்தம். பின் சீற்றின் பக்கமிருந்து விசிறி பலமாக இரைந்தால், பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத்துளையைப் பாருங்கள். பல கார்களில் அது பின் சீற்றின் ஓரத்தில் இருக்கும். வன்னிப் புழுதியில் அதன் வலை அடைபட்டால் விசிறி பாடுபட்டுச் சுற்றும், பற்றரியும் சூடாகும். வலையைத் துப்புரவாக்கலாம். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் தொடவே கூடாது, அவற்றில் உயர் மின்னழுத்தம் போகிறது.

உருளும்போது வரும் இரைச்சல்

"ஊஊம்" என்று தொடர்ந்து இரைந்து வேகத்தோடு கூடினால் அது ரயரா பெயாரிங்கா என்பதுதான் கேள்வி. இதற்கு வன்னி வீதிகளே உதவும். ஏ9 காப்பெற்றில் 60இல் ஓடிவிட்டுக் கரடுமுரடான பழைய தார் வீதிக்குத் திரும்புங்கள். வீதி மாறியதும் சத்தத்தின் குணமும் மாறினால் ரயர். தரை எதுவானாலும் ஒரே மாதிரி இரைந்தால் பெயாரிங்.

பெயாரிங் என்று பட்டால், வாகனமில்லாத அகன்ற வீதியில் மிதமான வேகத்தில் மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடச்சில்லுகளில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்கத்துப் பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். இடப்பக்கம் வளைக்கக் கூடினால் வலப்பக்கம்.

தெற்கே போகிறவரும் வடக்கே வருகிறவரும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்துவது வழக்கம். கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது நாலு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய் வெக்கையைப் பாருங்கள். தொட வேண்டாம், சுடும். ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிட நன்றாகச் சூடாயிருந்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பெயாரிங் போய்க்கொண்டிருக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உடனே பார்த்தால்தான் இது தெரியும்.

ரயருக்கு உள்ளங்கை போதும். ரயரின் மேற்பரப்பை முன்னோக்கி ஒருதரம், பின்னோக்கி ஒருதரம் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் சொரசொரவென்று பிடித்தால், அல்லது மேடுபள்ளமாகத் தெரிந்தால், தேய்வு சீரில்லை. கம்பி வெளியே வந்திருக்கக்கூடும், மெதுவாகத் தடவுங்கள். முன் பின் ரயர்களை இடம்மாற்றிப் பூட்டினால் சத்தமும் இடம்மாறும், அது உறுதியான சான்று. ரயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பட்டன் (தரையில் படுகிற ரப்பர் மேடுகள்) நன்றாக இருந்தாலும் பழைய ரயர் இறுகிப்போய் இரையும்.

"டிக் டிக் டிக்" என்று சில்லுச் சுற்றுக்கு ஒருதரம் வந்தால் பட்டனுக்குள் கிறவல் கல் செருகியிருக்கிறதா பாருங்கள், கம்பியால் தோண்டி எடுத்துவிடலாம். ஆணியாக இருந்தால் அந்த இடத்திலேயே பிடுங்க வேண்டாம். காற்றுப் பார்த்துக்கொண்டு ரயர் கடைவரை மெல்லப் போய்ச் சேருங்கள்.

கிறவல் வீதி தருகிற கிறீச்

புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களை வன்னியில் மிகவும் பயமுறுத்துகிற சத்தம் இதுதான். கிறவலில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு சில்லிலிருந்து காதைத் துளைக்கிற "கிறீஈஈச்". கார் முழுவதும் உடைந்து விழப்போவதுபோல இருக்கும். டிஸ்க் பிரேக்குக்கு உட்பக்கம் மெல்லிய தகரக் கவசம் ஒன்று உண்டு. அதற்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மில்லிமீற்றர்தான். அதற்குள் கிறவல் கல் ஒன்று போய்ச் சிக்கிவிட்டால் டிஸ்க் சுற்றச் சுற்ற உரசிக் கத்தும்.

காரை நிறுத்துங்கள். பின்னால் ஆளில்லை என்று பார்த்து மெதுவாகச் சில மீற்றர் பின்னுக்கு எடுத்து, திரும்ப முன்னுக்குப் போங்கள். சில்லு எதிர்த்திசையில் சுற்றும்போது பெரும்பாலும் கல் தானே விழுந்துவிடும். விழாவிட்டால் இன்னொருதரம் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சில்லைக் கழற்றி, டிஸ்க் ஆறும்வரை பொறுத்து, நீண்ட திருப்புளியால் அந்தத் தகரத்தை ஒரு மயிரிழை விலக்கிக் கல்லை விழுத்துங்கள். பிறகு டிஸ்க்கைக் கையால் சுற்றித் தகரம் எங்கும் முட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் அடிபட்டு இந்தத் தகரம் வளைந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

பிரேக்கின் வேறு சத்தங்களும் உண்டு. மாரியில் இரவு முழுவதும் நனைந்த காரைக் காலையில் எடுக்கும்போது முதல் சில பிடியில் "சர்ர்" என்று உரசும். டிஸ்க்கில் படிந்த மேல்துரு அது, ஓட ஓடப் போய்விடும். போகாமல் ஓடும்போது மெல்லிய கீச்சும், பிரேக் பிடித்ததும் மாற்றமும் இருந்தால், பாட் தேய்ந்ததைச் சொல்ல வைத்த எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொடத் தொடங்கியிருக்கலாம். பாட் 2, 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்தாலே மாற்றிவிட வேண்டும். பின் ட்ரம்முக்குள் புழுதி சேர்ந்தாலும் கத்தும். அதைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். ஈரமாக்கித் துடையுங்கள்.

பள்ளத்தில் வரும் டொக் டொக்

இதில்தான் காசு அதிகம் வீணாகிறது. சொக்கப்சோபர் என்று சொல்லி மாற்றுகிறார்கள், காரணம் விரலளவு மொத்தமுள்ள லிங்க் றொட்டாக இருக்கும். ஒரு வேகத்தடையில் இரண்டு முன்சில்லும் ஒன்றாக ஏறும்படி நேராக, மெதுவாக ஏறி இறங்குங்கள். பிறகு ஒருபக்கச் சில்லு மட்டும் சிறு பள்ளங்களில் விழும்படி 20இல் ஓடுங்கள். நேராக ஏறும்போது சத்தமில்லாமல், ஒருபக்கம் மட்டும் விழும்போது "டக டக" என்றால் லிங்க் றொட், அல்லது அது சேர்கிற நிலைநிறுத்திக் கம்பியின் புஷ். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுவேறாக அசையும்போதுதான் அந்தக் கம்பிக்கு வேலை வருகிறது.

கையால் உறுதிப்படுத்தலாம். கைப்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுதாகத் திருப்பி, எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடுங்கள். சில்லுக்குப் பின்னால் சொக்கப்சோபரிலிருந்து கீழே இறங்குகிற, இரண்டு முனையிலும் குண்டு மூட்டுள்ள மெல்லிய கம்பிதான் அது. சில சிறிய கார்களில் இது இருக்காது. அதை இறுகப் பிடித்து மேலும் கீழும் உலுக்குங்கள். நல்லதென்றால் கல்லுப்போல நிற்கும். தேய்ந்ததென்றால் உள்ளங்கையிலேயே "டிக்" தெரியும். கார் நிலத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டும். கராஜில் காரைத் தூக்கி நாலு சில்லும் தொங்கும்போது பார்த்தால், தேய்ந்த மூட்டும் ஒரு பக்கமாக இழுபட்டு இறுகி நல்லதுபோல் தெரியக்கூடும். ஒரு சோதனையில் "எல்லாம் சரி" என்று வந்து சத்தம் தொடர்வதற்கு இது ஒரு காரணம். கராஜ் குழியின்மேல் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொக்கப்சோபர் உண்மையில் போயிருந்தால் அதன் உடம்பில் எண்ணெய் ஒழுகி, அதன்மேல் எங்கள் சிவப்புப் புழுதி தடிப்பாக ஒட்டியிருக்கும். கார் பள்ளத்துக்குப் பிறகும் ஆடிக்கொண்டே போகும். நின்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பும்போது "டொயிங்" என்று சுருள் துள்ளினால் அது சொக்கப்சோபரின் மேல்முனையைப் பிடித்திருக்கிற மேல் மவுண்ட். ஒருவர் திருப்ப, மற்றவர் சுருளின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் துள்ளல் கையில் அடிக்கும். சுருள்களுக்கு இடையில் விரலை விடக்கூடாது. பிரேக் பிடிக்கும்போது ஒரு "தொம்", திரும்ப எடுக்கும்போது ஒரு "தொம்" என்றால் லோவர் ஆம் (சில்லைக் காரின் அடியோடு இணைக்கிற கை) புஷ். நின்றபடி பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது அடித்தால் எஞ்சினைத் தாங்குகிற எஞ்சின் மவுண்ட். அப்போது காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக்கூடாது.

சில்லைத் தூக்கி ஆட்டியும் பார்க்கலாம். மற்றச் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, முல்லைத்தீவுக் கரையோர மணலில் என்றால் ஜக்குக்கு அடியில் தடித்த பலகை வைத்து, ஒரு சில்லை மட்டும் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ற். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் ரை றொட் எண்ட். ஜக் மட்டும் தாங்குகிற காருக்கு அடியில் தலையையோ கையையோ ஒருபோதும் நீட்டாதீர்கள்.

திருப்பும்போது மட்டும் "டக் டக் டக்" என்று வந்தால் சி.வி. ஜொயின்ற், அதாவது சில்லைச் சுற்றவைக்கிற அச்சின் மூட்டு. வெறும் தரையில் ஸ்டியரிங்கை முழுதாக மடக்கி, மெல்ல அக்சிலேற்றர் கொடுத்து வட்டமடித்தால் துலங்கும். சில்லின் உட்பக்கத்தில் கறுப்புக் கிறீஸ் சிதறியிருந்தால் அதன் ரப்பர் உறை கிழிந்துவிட்டது. சத்தம் வருமுன் கண்டுபிடித்தால் உறையும் கிறீஸும் மாற்றினால் போதும். மணல் உள்ளே போய்ச் சத்தம் வந்தபிறகு ஜொயின்ற்றையே மாற்ற வேண்டியதுதான்.

பொனற்றுக்கு அடியில்

காலையில் எடுக்கும்போதோ மழைக்குப் பிறகோ கீச்சிட்டால் பெல்ற். ஓடும் பெல்ற்றின் பள்ளக்கோடுள்ள பக்கத்தில் தூர நின்று கொஞ்சம் தண்ணீர் விசிறுங்கள். சத்தம் கூடினால் பெல்ற் தளர்ந்து வழுக்குகிறது. சற்று நின்று திரும்ப வந்தால் பெல்ற் சுற்றுகிற கப்பிகள் நேர்கோட்டில் இல்லை, இல்லாவிட்டால் பெல்ற் பழசு. சால்வை, சேலைத் தலைப்பு, நீண்ட முடி எதுவும் அருகே போகக்கூடாது. ஏசியைப் போட்டதும் வந்து நிறுத்தியதும் போகிற சத்தம் கொம்பிரசர் பக்கத்தது.

எஞ்சின் வேகத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் தகரம் அதிர்கிற "சிர்ர்ர்" சைலன்சரின் வெப்பக் கவசத்திலிருந்து வரும். உப்புக்காற்று அடிக்கிற கரையோரத்தில் இதன் போல்ற் ஓட்டைகள் துருவில் தின்னுப்பட்டுப் போகும். எஞ்சின் நன்றாக ஆறியபிறகு கைமுட்டியால் தட்டிப் பாருங்கள், அதே சத்தம் வரும். பெரிய உருக்குக் கிளிப் ஒன்றைச் சுற்றிப் போட்டு இறுக்கினால் தீர்ந்துவிடும். கவசத்தைக் கழற்றி எறியாதீர்கள், அது இல்லாமல் காய்ந்த புல்லின்மேல் நிறுத்துவது ஆபத்து.

பாரத்தோடு வேகமெடுக்கும்போது எஞ்சினில் "கிலுகிலு" என்று மெல்லத் தட்டினால் உங்கள் காருக்கு 95 ஒக்ரேன் பெற்றோல் கேட்டிருக்கிறார்களா என்று கையேட்டில் பாருங்கள். 92 அடித்திருந்தால் மாற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு கராஜுக்குப் போகலாம்.

உள்ளே

வேம்புக்குக் கீழே நிறுத்துகிற கார்களில் முன் கண்ணாடி ஓரத்தால் சருகு உள்ளே விழுந்து ஏசியின் காற்று ஊதிக்குள் (புளோவர்) போய்விடும். காற்றின் வேகத்தைக் கூட்டக் கூட "படபட" என்று அடித்தால் அதுதான். பல ஜப்பான் கார்களில் இடப்பக்கத்து டாஷ்போட் பெட்டியைக் கழற்றினால் காற்று வடியை (ஃபில்ற்றர்) கையால் இழுத்து எடுக்கலாம். சருகோடு எலி கொண்டுவந்த நெற்பதரும் இருக்கக்கூடும். எலி வந்திருந்தால் வயர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்ரிக் சத்தம் வெயிலோடு மாறும். பக்கத்தில் இருப்பவர் ஓடும்போது டாஷ்போட்டை ஒவ்வோரிடமாக உள்ளங்கையால் அழுத்தட்டும். எங்கே அழுத்தினால் நிற்கிறதோ அங்கே மெல்லிய பஞ்சுப் பட்டி ஒட்டுங்கள். கதவு ரப்பர் கீச்சிட்டால் துடைத்துவிட்டுச் சிலிக்கன் ஸ்பிரே போடுங்கள். கழிவு ஒயில் பூசுவதை விட்டுவிடுங்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். காற்றுச் சத்தம் என்றால், கதவிடுக்கில் ஒட்டுநாடா ஒட்டி ஓடிப் பார்த்தால் எந்த இடுக்கு என்று தெரிந்துவிடும்.

கராஜில்

"அண்ணை, ஒரு சத்தம் வருது, ஒருக்காப் பாருங்கோ" என்று திறப்பைக் கொடுத்துவிட்டுப் போனால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும். கொப்பியைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணை, முன் இடப்பக்கம். இருபது, முப்பதிலை, ஒரு பக்கம் மட்டும் பள்ளத்திலை விழேக்கை டக டக எண்டு அடிக்குது. நேரா ஸ்பீட் பிறேக்கர் ஏறினா இல்லை. பிரேக்குக்கும் சம்பந்தமில்லை. லிங்க் றொட் ஆடுற மாதிரி இருக்கு, நிலத்திலை நிக்கேக்கை ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ." நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். அவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் இருங்கள், சத்தம் வருகிற அதே வீதித்துண்டுக்குக் கூட்டிப் போங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றிச் சத்தம் நின்றால் எது காரணம் என்று தெரியாது. லிங்க் றொட், சொக்கப்சோபர் போன்றவற்றை மட்டும் இரண்டு பக்கமும் சோடியாக மாற்றுவது நல்லது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி ஆட்டிப் பாருங்கள். லோவர் ஆம் புஷ் மாற்றினால் அதன் போல்ற்றைக் கடைசியாக இறுக்குவது காரின் பாரம் சில்லில் நிற்கும்போதுதான் என்று முதலே சொல்லி வையுங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்குண்டபடியே வேலை செய்து சீக்கிரம் கிழிந்துவிடும். ரை றொட் எண்ட், லோவர் ஆம் மாற்றினால் வீல் அலைன்மென்ற் கட்டாயம். சில்லுக் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை ஒருதரம் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.